முத்துப்பேச்சியும் முப்பத்தாறு விழுமியங்களும்

போடி வட்டார மக்கள் தொடர்கல்விக் கல்லூரியில் சேருவதற்கு முதலில் ஒரு குறிக்கோள் கைவசம் இருக்க வேண்டும் என்று முத்துப்பேச்சிக்கு யாரும் சொல்லவில்லை. அவள் இரண்டு போட்டோவும் ரேஷன் கார்டும் கொண்டு போயிருந்தாள்.

"குறிக்கோள் என்ன?" என்று கேட்டார் திருப்பதி. கல்லூரியின் விழுமியப் பொறுப்பாளர். அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும்.

"ஜீப்பு ஓட்டப் படிக்கணும் சார்."

"அது தேவை. நான் கேட்பது குறிக்கோள்."

முத்துப்பேச்சி யோசித்தாள். "வெரசாப் படிக்கணும்" என்றாள்.

திருப்பதி பேனாவை மூடிவிட்டார். பிறகு அவரே ஏதோ நான்கு வரி எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். சமுதாய மேம்பாட்டுக்குத் தன்னையே அர்ப்பணிப்பதாக அதில் எழுதியிருந்தது அவளுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அது எண்பத்து மூன்றாம் வருஷம். சித்திரை மாதம் அவள் புருஷன் சோலைமலை, ஜீப்பின் உச்சியில் நின்று மூடைக்குக் கயிறு இழுத்தவன், கயிற்றோடு தரைக்கு வந்துவிட்டான். காலில் இரண்டு இடத்தில் முறிவு. குரங்கணிக்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டத்துக்குச் சொந்த ஜீப்பில் சாமான் ஏற்றுவதும் அங்கிருந்து காய் மூடை இறக்குவதும் ஒன்பது வருஷமாக அவன் சோலி. கூலிக்கு ஒரு டிரைவரைப் போட்டார்கள். அவன் மூணாறு வரைக்கும் போய், நாலு நாள் கழித்து ஒரு பக்கக் கண்ணாடி இல்லாமல் திரும்பி வந்தான்.

தோட்டத்து ரைட்டர் கன்னையன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். மோசமான மனிதர் இல்லை. "ஆவணி ஒண்ணாந்தேதி காய் எடுப்பு ஆரம்பம். அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு உங்க வண்டி காய் ஸ்டோர் வாசல்ல நின்னா லோடு உங்களுக்கு. நிக்கலேன்னா வேற வண்டிக்குச் சொல்லிருவேன் ஆத்தா. மொதலாளிக்கு நான் பதில் சொல்லணும்."

முத்துப்பேச்சி போடியில் ஒரு கோடவுனில் ஏலக்காய் பொறுக்குகிறவள். குரங்கணியில் பிறந்தவள். அந்த ரோட்டில் எந்த வளைவில் எந்தப் பாறை துருத்திக்கொண்டிருக்கும் என்று தூக்கத்திலும் சொல்வாள். தானே ஓட்டுவதென்று முடிவு செய்தாள். எல்.எல்.ஆர். வாங்கினாள். தேனியில் இருந்த டிரைவிங் ஸ்கூலில், பெண்களுக்கு வண்டி கொடுத்துப் பழக்கமில்லை என்றார்கள். புருஷன் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தான். மூன்றாம் நாள் அவளும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில்தான் பஸ் ஸ்டாண்டு சுவரில் கல்லூரியின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: தையல், தட்டச்சு, ஜீப்பு ஓட்டுதல்; மூன்று மாதம்; பெண்களுக்கு முன்னுரிமை.

கல்லூரி ஒரு பழைய ஏலக்காய்க் கோடவுனில் நடந்தது. உள்ளே நுழைந்தால் நெஞ்சு வரைக்கும் வாசனை அடிக்கும். சுவரில் கல்லூரியின் குறிக்கோள் உரை, ஆள் உயர எழுத்தில்: "சமுதாயத்தின் அடித்தளத்தில் நின்று, உயர்தளத்தை நோக்கி, இடைத்தளத்தில் தளராது, தொடர்கல்வியின் தொடர்ச்சியைத் தொடர்ந்து தொடரச் செய்வதே எமது குறிக்கோள்."

இதைக் காலையில் மூன்று முறை, மத்தியானம் ஒரு முறை, எழுந்து நின்று சொல்ல வேண்டும். மாணவர்கள் பதினொரு பேர். தையலுக்கு வந்தவர்கள், தட்டச்சுக்கு வந்தவர்கள், ஜீப்புக்கு வந்த முத்துப்பேச்சி எல்லோருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாடம். தையல் மெஷின் ஒரு மூலையில் மாலையோடு இருந்தது. தட்டச்சு மெஷினுக்கு உறை போட்டு, உறைக்கு மேலே 'பொறுமை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"துணி தைக்கலாம்னு வந்தேன் மதினி," என்றாள் பக்கத்தில் நின்ற ஜக்கம்மாள், வாயை அசைக்காமல். "இங்க வாயையில்ல தைக்கிறாக."

ஜீப்பு வெளியே நின்றது. புது ஜீப்பு, டீசல் வண்டி. பார்த்த அன்றைக்கு முத்துப்பேச்சிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்ததும் கொஞ்சம் குழப்பம் வந்தது. கல்லூரியின் விழுமியங்கள் மொத்தம் முப்பத்து நான்கு. அத்தனையும் வண்டியின் மேலே எழுதப்பட்டிருந்தன. கதவில் பணிவு, மட்கார்டில் மரியாதை, பின்னால் நன்றியுணர்வு, டீசல் டாங்கி மூடியில் தன்னிறைவு. இடம் போதாமல் கடைசியில் மிஞ்சிய 'தொலைநோக்கு' என்பதை முன் கண்ணாடி முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டார்கள்.

"ரோடு தெரியாதே சார்?"

"தொலைநோக்கு முன்னால்தானே இருக்க வேண்டும்?" என்றார் திருப்பதி. "அது கல்லூரி முதல்வரின் யோசனை." அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வைகாசி போனது. ஆனியில் பாதி போனது. முத்துப்பேச்சி பணிவைப் பற்றி ஆறு வகுப்பும் நேரந்தவறாமை பற்றி நாலு வகுப்பும் படித்திருந்தாள். நேரந்தவறாமை வகுப்பு ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை இன்னும் தொடவில்லை. வீட்டில் சோலைமலை மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, இன்றைக்கு எந்த கியர் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தினமும் கேட்டான். அவள் நன்றியுணர்வு என்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஒரு நாள் துணிந்து முதல்வர் அறைக்கே போய்விட்டாள். முதல்வர் பெரியகருப்பன் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, மேஜையில் மூன்று பேனா. ஆவணி ஒண்ணாந்தேதியைப் பற்றி அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவர் கேட்கிற விதத்தைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கை கூட வந்தது.

"அம்மா," என்றார் முதல்வர், "வண்டி ஓட்டுவது கைகால் வேலை. அதை ரோட்டில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். அதற்கு ஒரு கல்லூரி எதற்கு? வண்டியில் எங்கே போகிறோம் என்று தெரிவதுதான் கல்வி."

"குரங்கணிக்குங்கய்யா."

முதல்வர் கண்ணை மூடித் திறந்தார். "நான் இந்தக் கல்லூரிக்கு வந்து நான்கு வருஷம். இதுவரை ஒரு விபத்து உண்டா? ஒரு தையல் மெஷின் ஊசி உடைந்தது உண்டா? வாங்கின அன்று இருந்த மாதிரியே அத்தனையும் இருக்கிறது. மதுரையிலிருந்து ஆடிட்டர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பெயரைக் கெடுத்துவிடாதீர்கள்."

ஆடி பிறந்ததும் மதுரைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. விழுமியங்கள் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது. குறைக்க இருபது நாள் கெடு. அது முடிந்ததும் இயக்குநர் நேரில் வருவார். கல்லூரியில் அன்று யாரும் சாப்பிடவில்லை. ஏழு பேர் கொண்ட குறைப்புக் குழு அமைக்கப்பட்டது. குழு நான்கு முறை கூடியது. நான்காவது கூட்டம் முடிந்தபோது முப்பத்து நான்கு, முப்பத்தாறு ஆகியிருந்தது. சிக்கனம் என்பதையும் சுருக்கம் என்பதையும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

கெடு முடிகிற அன்று காலையில் முதல்வர் ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கோடவுனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முதல்தரம் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம். முதல்வரின் முகம் தெளிந்தது. முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

முப்பத்தாறு விழுமியங்களும் முப்பத்தாறு சீட்டில் எழுதி மேஜையில் வைக்கப்பட்டன. குழுவினர் அவரவர் விழுமியத்தை அவரவர் கையில் கிடைத்த தாளில் எழுதியிருந்தார்கள்.

"தரம் பிரியுங்கள்" என்றார் முதல்வர்.

"காயின்னா பருமன் பாப்போம், நெறம் பாப்போம், உள்ள விதை இருக்கா பொக்கான்னு பாப்போம். இதுல எதைங்கய்யா பாக்க?"

இதில் எதைப் பார்ப்பது என்று நான்கு கூட்டத்திலும் யாரும் கேட்டிருக்கவில்லை. "உங்கள் தொழிலில் எப்படியோ அப்படியே" என்றார் திருப்பதி.

அவள் பக்கத்துக் கோடவுனில் ஒரு சொளகு வாங்கி வந்தாள். சீட்டுகளை அதில் கொட்டி, வாசலில் காற்றுக்கு எதிரே நின்று நாலு புடை புடைத்தாள். கனம் இல்லாததெல்லாம் பறந்தது. ஏழு சீட்டு சொளகில் நின்றது. கல்யாணப் பத்திரிகையின் முதுகில் எழுதிய பணிவு நின்றது. காலண்டர் அட்டையில் எழுதிய கீழ்ப்படிதல் நின்றது. மரியாதை, நன்றியுணர்வு, அமைதி, நேரந்தவறாமை நின்றன. தொலைநோக்கைத் திருப்பதி ஒரு சோப்பு டப்பா அட்டையில் எழுதியிருந்தார், அதுவும் நின்றது. 'கற்றல்' என்று யாரோ பஸ் டிக்கெட் மாதிரி ஒரு தாளில் எழுதியிருந்தார்கள். அது ரோட்டைத் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது.

"நடுநிலையான முறை" என்று முதல்வர் குறிப்பு எழுதிக்கொண்டார். 'முப்பத்தாறு விழுமியங்களும் ஒரே காற்றுக்கு உட்படுத்தப்பட்டன' என்று மதுரைக்குத் தந்தி போனது.

விழுமிய விழாவைக் குரங்கணியில் வைத்தார்கள். கல்லூரி அந்த ஊரைத் தத்து எடுத்திருந்தது. தத்துப் போன விஷயம் குரங்கணிக்காரர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பந்தல், தோரணம், நாற்காலி. முதல் வரிசையில் மதுரை இயக்குநர். பக்கத்தில் சிறப்பு விருந்தினராக மோட்டார் வாகன ஆய்வாளர். ஜீப்பு ஓட்டும் வகுப்பு இருக்கிற கல்லூரி என்பதால் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரில் அன்றைக்குக் கரண்டு இல்லை. ஆகவே கல்லூரி ஜீப்பின் பேட்டரியைக் கழற்றி மைக் செட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முதல்வர் பேசினார். இயக்குநர் பேசினார். திருப்பதி ஏழு விழுமியங்களையும் விளக்க எழுந்தார். பணிவுக்கே இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் ஏதோ சொன்னார். மாணவி ஒருவர் வண்டி ஓட்டுவதைப் பார்க்கலாமே என்றார் இயக்குநர்.

முதல்வர் பந்தலுக்குப் பின்னால் வந்தார். பேட்டரியைக் கேட்டதற்கு, திருப்பதி இன்னும் ஆறு விழுமியம் பாக்கி இருக்கிறது என்று மைக்கிலேயே சொன்னார். ஒரு நிமிஷம் யோசித்த முதல்வர், மாணவர்களைக் கூப்பிட்டார். முத்துப்பேச்சி ஸ்டீயரிங் முன்னால் உட்கார வேண்டியது. ஆய்வாளர் பக்கத்தில். இயக்குநரும் தானும் பின்னால். மற்ற பத்துப் பேரும் வண்டியைப் பந்தலிலிருந்து பத்தடி தள்ள வேண்டியது. போட்டோ எடுத்ததும் நிறுத்திவிட வேண்டியது.

"எதையும் தொடாதீர்கள்" என்றார் அவளிடம். "எஞ்சின் அடுத்த பருவத்துப் பாடம்."

முத்துப்பேச்சி ஏறி உட்கார்ந்தாள். ஆவணி பிறக்க இன்னும் ஒன்பது நாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது லைசென்ஸ் கொடுக்கிற மனிதர். இந்த மனிதர் இதே மாதிரி பக்கத்தில் உட்கார இன்னொரு தடவை வாய்க்குமா என்று நினைத்துக்கொண்டாள்.

"தள்ளுங்கடி" என்றாள் ஜக்கம்மாள். பத்துப் பேரும் தள்ளினார்கள்.

ஐந்தாவது அடியில் போட்டோ எடுத்தாயிற்று. பத்தாவது அடியில் ரோடு போடிப் பக்கம் சரிந்தது. தள்ளியவர்கள் கைக்கு வண்டி அகப்படவில்லை. முதல்வர் பிரேக் என்றார். பிரேக்கில் முத்துப்பேச்சியின் கால் இருக்கத்தான் செய்தது. அவள் அதை மிதிக்கவில்லை.

குரங்கணி ரோட்டு ஜீப்புகளைப் பற்றி மதுரையில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்த வண்டிகளில் பேட்டரி நன்றாக இருந்தது என்று வரலாறு கிடையாது. எங்கே நிறுத்தினாலும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். காலையில் சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்துவிட்டு, உருட்டிவிட்டு, கியரில் போட்டால் வண்டி கிளம்பிவிடும். சோலைமலையின் ஜீப்பு நாலு வருஷமாக அப்படித்தான் கிளம்புகிறது. சாவியைத் திருகினால் எஞ்சின் ஓடும் என்பதே முத்துப்பேச்சிக்கு அவ்வளவாகத் தெரியாது. இந்த ஒரு வழிதான் தெரியும்.

கிளச்சை மிதித்தாள். இரண்டாவது கியரில் போட்டாள். வண்டி ஓட்டம் பிடித்ததும் கிளச்சை விட்டாள். ஜீப்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. இயக்குநரின் கண்ணாடி முதல்வர் மடியில் விழுந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அடுத்த பருவம்," என்றார் முதல்வர் பின்னாலிருந்து. "அம்மா, அது அடுத்த பருவம்."

"திருப்ப எடமில்லைங்கய்யா. பாலத்துக்கிட்டதான் திருப்ப முடியும்."

தலையை வெளியே நீட்டி ஓட்டினாள். முன்னால் பார்த்தால் தொலைநோக்குதான் தெரிந்தது. முதல் வளைவில் ஆரன் அடிக்கப் பேட்டரி இல்லாததால், அவளே சத்தம் கொடுத்தாள். எதிரே வந்த கழுதைக்காரன் கழுதைகளோடு ஓரத்தில் ஒதுங்கி, இரண்டு பெரிய மனிதர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு போவதை மரியாதையாகப் பார்த்தான். முதல்வர் பயத்தில் குறிக்கோள் உரையைச் சொல்ல ஆரம்பித்தார். இடைத்தளம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் மறந்துவிட்டது. அதை எழுதியவரே இயக்குநர்தான் என்றாலும், அவராலும் எடுத்துக்கொடுக்க முடியவில்லை.

ஆய்வாளர் மட்டும் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது வளைவு தாண்டியதும், "நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினாள். எஞ்சினை அணைக்காமல், கைப்பிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதென்ன கண்ணாடில?"

"விழுமியம் சார்."

"மடக்குங்க அதை."

இறங்கிப் போய் இரண்டு பக்கமும் திருகாணியைக் கழற்றி, தொலைநோக்கை அப்படியே பானெட்டின் மேலே கவிழ்த்து மடக்கினாள். ரோடு, பாறை, கீழே கொட்டகுடி ஆறு எல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்தன. ஆய்வாளர் பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தாள். ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார். பின்னால் உருளாமல் கிளப்பினாள். பாலத்தில் திருப்பச் சொன்னார். ஒரே வெட்டில் முடியவில்லை, இரண்டு வெட்டில் திருப்பினாள்.

"யாரு பழக்கினது?"

முதல்வர் தொண்டையைச் செருமினார். முத்துப்பேச்சி முந்திக்கொண்டாள். "வீட்டுக்காரரு ரெண்டு நாளு பழக்குனாரு. மிச்சம், ஒம்பது வருசம் பக்கத்துல ஒக்காந்து பாத்தது."

"வெள்ளிக்கிழமை போடிக்கு வர்றேன்," என்றார் ஆய்வாளர். "உங்க வண்டியக் கொண்டாங்க. முறைப்படி ஒரு தடவை ஓட்டிக் காட்டிட்டு லைசென்ஸ் வாங்கிக்குங்க."

அவர்கள் பந்தலுக்குத் திரும்பியபோது திருப்பதி நான்காவது விழுமியத்தில் இருந்தார். கூட்டத்தில் பத்து மாணவர்களும் ஒரு ஆடும் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை லைசென்ஸ் கிடைத்தது. சனிக்கிழமை கல்லூரியில் அவசரக் கூட்டம் நடந்தது. பயிற்சி மாணவி பயிற்சி முடியும் முன்பே கற்றுக்கொண்டுவிட்டது கல்லூரியின் நான்கு வருஷ வரலாற்றில் முதல் தடவை. இதை அனுமதித்தால் தையல், தட்டச்சு மாணவிகளும் இதே வழிக்குப் போகக்கூடும் என்று முதல்வர் கவலைப்பட்டார். விளக்கம் கேட்டு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் தயாரானது. அதை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரும்படி திருப்பதி அனுப்பப்பட்டார்.

ஆவணி ஒண்ணாந்தேதி விடிந்தும் விடியாமலும் அவர் முத்துப்பேச்சியின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். ஜீப்பில் தோட்டத்துக்குப் போகிற அரிசி மூடைகள் ஏறியிருந்தன. சோலைமலை கட்டுப் பிரித்த காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தான். முத்துப்பேச்சி சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுக்கக் குனிந்திருந்தாள்.

"கையெழுத்து வேண்டும்" என்றார் திருப்பதி. "முழுவதும் படித்துக் காட்டிய பிறகுதான் வாங்க வேண்டும் என்று உத்தரவு."

"ஏழு மணிக்கு ஸ்டோர் வாசல்ல நிக்கணும் சார். ஏறுங்க, வழியில படிங்க."

அவர் அரிசி மூடை மேல் ஏறி உட்கார்ந்தார். வண்டி உருண்டு, குலுங்கி, பிடித்துக்கொண்டது. முந்தல் பாதை பிரிகிற இடத்தில் முதல் பக்கத்தை ஆரம்பித்தார். கீழ்ப்படிதல் மீறப்பட்ட விதம் முதல் ஏற்றம் வரைக்கும் வந்தது. தொலைநோக்கைக் கவிழ்த்து மடக்கிய குற்றத்தைக் குரங்கணிக் கடை வாசலில் வாசித்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து வந்து கேட்டார்கள். அதற்கு மேலே ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, கல்லும் தடமும்தான். ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் மூன்றாம் பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் துள்ளித் துள்ளி அவர் படித்து முடித்தார். நிமிர்ந்து பார்த்தபோது வண்டி ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மணி ஏழாக எட்டு நிமிஷம் இருந்தது.

ரைட்டர் கன்னையன் வெளியே வந்து, டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் முத்துப்பேச்சியைப் பார்த்தார். லைசென்ஸை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உள்ளே திரும்பி, காய் மூடையை எடுத்துவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

திருப்பதி இறங்கினார். கசங்கிய மூன்று பக்கத்தையும் நீவி, பேனாவைத் திறந்து நீட்டினார்.

முத்துப்பேச்சி பானெட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பின்பக்கக் கதவை இறக்கிவிட்டாள்.

"எப்பங்க போடிக்குத் திரும்புவோம்?" என்றார் திருப்பதி, சுற்றிலும் மலையைப் பார்த்துக்கொண்டு. வேறு வண்டி கண்ணுக்கு எட்டின வரைக்கும் இல்லை.

"அரிசிய எறக்கிட்டு, லோடு ஏறுனதும் கெளம்பீரலாம் சார். இவரு கால வச்சுக்கிட்டுத் தூக்க முடியாது. அந்த மூடையோட அந்தப் பக்கத்தக் கொஞ்சம் பிடிங்க."

திருப்பதி கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்து பிடித்தார். நல்ல கனமான மூடை.